விரல் விரலாகச் சோறு

அந்த அக்கா எதையும் நேராகக் கையில் கொடுக்க மாட்டார்.

முட்டைச் சாப்பாடு கேட்டால் தட்டில் சோறும் குழம்பும் வரும். முட்டை வராது. புதிதாக வந்த லாரி டிரைவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு, "எங்கம்மா முட்டை?" என்று அடுப்படிக்கே போய்விடுவார்கள். "கீது, தேடிப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ரசத்தைக் கலக்குவார். சோற்றைக் கிளறிக்கொண்டே போனால் அடியில் விரலில் வழவழப்பாகத் தட்டுப்படும். நாற்பது டன் வண்டியை வடக்கேயிருந்து ஓட்டிக்கொண்டு வந்த ஆள், பெரிய மீசைக்காரர், ஒரு முட்டையைக் கண்டெடுத்து ஊருக்கே காட்டுகிற மாதிரி தூக்கிப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டார். "பசியோட வந்தவன்கிட்ட இன்னாமா விளையாட்டு?"

அக்கா கோபப்படவில்லை. "பசிக்கு சோறு மேலயே கீதுப்பா. முட்டை பசிக்கு வெக்கல" என்றார்.

தள்ளியவர் தட்டைப் பார்த்தார். பிறகு இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற சாலையில், உள்ளே தள்ளி ஒரு பெரிய குடோன். கார் கம்பெனிகளுக்குப் போக வேண்டிய சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், வேறு வண்டிகளில் ஏறிப் போகும். நான் அங்கே கேட் வாட்ச்மேன். குடோனுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, டிரைவர்களுக்கும் லோடு ஏற்றுகிற ஆட்களுக்கும் அவர் சமைத்துக்கொண்டிருந்தார். மெஸ்ஸக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

எனக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பந்தியில் உட்கார்ந்தால் இன்னொரு கரண்டி சோறு கேட்க வாய் எழாது. பாதி வயிற்றோடு எழுந்து போய்விடுவேன். இதை அந்த அக்கா எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. ஒருநாள் மதியம் கேட் ரூமில் மழைக்கோட்டை எடுத்தால் அதற்குள் ஒரு டிபன் டப்பா தொங்கியது. மறுநாள் தீ அணைக்கிற மணல் வாளிக்குப் பின்னால் இருந்தது. இன்னொரு நாள் ஜன்னலுக்கு வெளியே வேப்பங்கிளையில். டப்பாவில் சோற்றுக்கு அடியில் எப்போதும் ஒரு மீன் துண்டு கூடுதலாக இருக்கும். நான் கேட்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை. தேடி எடுத்தது நான்தானே. அதனால் கூச்சம் தெரியாமல் சாப்பிட்டேன்.

தன்னைப் பற்றியும் அவர் அப்படித்தான். "வூட்டுக்காரர் எங்கக்கா?" என்று யாராவது கேட்டால், "இங்கதான் எங்கனா இருப்பாரு" என்பார். கேட்டவர் வாய் மூடிக்கொள்வார். ஆனால் கேட்காத நேரத்தில் ஒரு துண்டு கிடைக்கும். மழை பெய்து லாரிகள் எல்லாம் நின்றுபோன ஒரு மத்தியானம், வெங்காயம் உரித்துக்கொண்டே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்று ஒயர் மாட்டியதாகச் சொன்னார். "நின்னு நின்னு காலு வாழத்தண்டு மாதிரி ஆயிடுச்சி." அடுத்த துண்டு அடுத்த மழைக்கு. மறைமலை நகரில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு மகள் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. இப்போது அந்தக் கொட்டகை இல்லை, அவரும் அந்த மகளோடு போய்விட்டார் என்கிறார்கள். நான் சேர்த்து வைத்த துண்டுகளை ஒட்டிப் பார்த்தால் ஓர் ஆள் முழுதாக வருவதில்லை. நடுவில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

அங்கே ஒரு நாய் இருந்தது. வடக்கேயிருந்து வந்த ஒரு வண்டியில், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், கிளீனர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து வந்தது. வண்டி திரும்பிப் போகும்போது அது இறங்கி நிழலில் படுத்திருந்தது. டிரைவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதனால் அதன் பெயரே கிளீனர் என்றாகிவிட்டது. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். வண்டிச் சக்கரத்தில் விழுந்துவிடும் என்று பகலில் கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தில் கட்டிப்போடச் சொன்னார் மேனேஜர். சின்ன வயதுக்காரர், கெட்டவர் இல்லை. ஒரகடம் ரோட்டில் காலையில் வேலைக்கு வரும்போது ஓரத்தில் என்னென்ன கிடக்கும் என்று அவரும் பார்த்திருப்பார்.

கட்டிப்போட்டபின் கிளீனர் மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. தரையில் வட்டமாக ஒரு தடம் விழுந்துவிட்டது. பிறகு தன் வாலையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. சோறு தட்டில் வைத்தால் ஒரே வாயில் முடித்துவிட்டு மறுபடி நடக்கும்.

ஒருநாள் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். "வாட்ச்மேனண்ணா, இதுக்கு இன்னா வேலை கீது சொல்லு" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாயிக்கு இன்னாக்கா வேலை?" என்றேன்.

"இங்க எல்லாருக்கும் ஷிப்டு கீது. ஓ.டி. வேற. இதுக்கு மட்டும் வருசம் பூரா லீவு. லீவுலயே வுட்டா மனுசனே லூசாயிடுவான்."

அன்று சாயங்காலமே முதல் பொம்மை வந்தது. முட்டை வருகிற காகித அட்டையின் குழிகளில் சோறும் கருவாட்டுத் துண்டும் வைத்து, இன்னொரு அட்டையை மேலே கவிழ்த்துச் சணலால் கட்டியிருந்தார். கிளீனர் அதைப் பார்த்துக் குரைத்தது. பிறகு மூக்கை வைத்தது. காலால் மிதித்துக்கொண்டு ஒரு ஓரத்தைக் கிழித்தது. உள்ளே ஒரு வாய்ச் சோறு. நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. இதில் ஏதோ தவறு இருக்கிறது, யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல. யாரும் வரவில்லை. மறுபடி குனிந்தது. எல்லாவற்றையும் முடித்தபிறகு, கிழிந்த அட்டைத் துணுக்குகளுக்கு நடுவே நான்கு கால்களையும் நீட்டிக்கொண்டு தூங்கியது. அது அப்படி நீட்டிப் படுத்து நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பிறகு தினமும் ஒன்று வந்தது. மிஞ்சிய பிளாஸ்டிக் பைப்பில் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் அடைத்து, காய்ந்த சப்பாத்தித் துண்டுகள் போட்ட உருளை. உருட்டினால்தான் ஒவ்வொன்றாக விழும். ஓட்டையின் விளிம்பைச் சிமென்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் தன் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பார். "நம்ம கன்னத்தக் கீறலன்னா அத்தோட வாயக் கீறாது." சித்திரை வெயிலில், கோழி வேகவைத்த தண்ணீரை உப்பும் வெங்காயமும் சேருவதற்கு முன்பே எடுத்து, தயிர் டப்பாவில் ஊற்றி ஐஸ்பெட்டியில் வைப்பார். கிளீனர் அந்தக் கட்டியை முன்னங்கால்களுக்கு நடுவில் அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மத்தியானம் முழுக்க நக்கும். வெளியே சாலையில் கம்பெனி பஸ்கள் கானல் நீரில் மிதந்து போகும். எங்கேயோ மயில் கத்தும். எனக்கும் கண் சொருகும். வாலில் இருந்த புண் எப்போது ஆறியது என்று யாரும் கவனிக்கவில்லை.

"இது மெஸ்ஸா, நாய் ஸ்கூலாக்கா?" என்று மேனேஜர் கேட்டார்.

"ரெண்டும்தான் சார். நீங்களும் சேந்துக்குறீங்களா?"

இவ்வளவும் செய்தவர், கடைசியாகத்தான் கிளவுஸைக் கண்டுபிடித்தார்.

லோடு ஏற்றுகிற ஆட்கள் வெள்ளை நூல் கிளவுஸ் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். நுனி கிழிந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டிரம்மில் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்வார்கள். அக்கா அந்தப் பழையதை அள்ளிக்கொண்டு போய் வெந்நீரில் துவைத்துக் கொடியில் போட்டார். காற்றடிக்கும்போது வரிசையாக ஐந்தைந்து விரல்கள் ஆடும். நிறையப் பேர் நின்று யாரையோ வழியனுப்புவது போலிருக்கும். காய்ந்ததும் விரல் விரலாக அடைப்பார். கட்டைவிரலில் சோறு, அடுத்ததில் கருவாடு, நடுவிரலில் வேகவைத்த கோழித்தோல். மணிக்கட்டில் ஒரு முடிச்சு.

"சுண்டுவெரல்ல ஒண்ணும் வெக்கல" என்று என்னிடம் சொன்னார்.

"ஏன்க்கா?"

"எல்லாத்துலயும் இருந்தா அது தேடறது இல்ல. வாரறது."

கிளீனருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அது பிடித்துப்போனது. உள்ளங்கைப் பகுதியைக் காலால் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பல்லின் நுனியால் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக இழுக்கும். வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற மாதிரி இருக்கும். முடிந்ததும் அக்கா கிழிந்த நூலையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடுவார், விழுங்கிவிடக் கூடாது என்று. அவ்வளவு பார்த்தவர் மற்றொன்றைப் பார்க்கவில்லை. நாங்கள் யாருமே பார்க்கவில்லை. அந்தக் குடோனில் நாள் முழுக்க எல்லோருடைய கையிலும் இருப்பது அதே கிளவுஸ்தான்.

முனீஸ் என்று ஒருவன் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். ராமநாதபுரம் பக்கம். ஒரகடத்தில் நான்கைந்து பேராக ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். கிளீனரோடு அதிகம் பேசுகிறவன் அவன்தான். ஒரு காலை டீ நேரத்தில், கையில் கிளவுஸோடு அப்படியே வந்து மரத்தடியில் குந்தினான். "வாடா கிளீனரு" என்று கையை நீட்டினான். கிளீனர் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவன் விரல் ஒன்றைப் பல்லில் பிடித்து இழுத்தது. அவன் பயந்து கையை வெடுக்கென்று இழுத்தான். பல் கீறிவிட்டது. வெள்ளை கிளவுஸில் சிவப்பு பரவுவதை நான் கேட் ரூமிலிருந்தே பார்த்தேன்.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, மேனேஜரே அவனை ஊசி போட அழைத்துப் போனார். திரும்பி வந்து, அக்காவைக் கூப்பிட்டு நேராகச் சொன்னார். "அக்கா, நாளைக்கு வேற எவனயாவது கடிச்சா நான் பதில் சொல்ல முடியாது. வடக்க போற வண்டியில ஏத்தி விட்ருங்க. வந்த வழியே போகட்டும்."

"வழியில எங்கனா எறக்கி வுட்ருவானுங்க சார். அதுக்கு ரோடு தாண்டத் தெரியாது."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

அக்கா முனீஸிடம் அந்த கிளவுஸைக் கேட்டு வாங்கினார். தன் கையில் மாட்டிக்கொண்டு, ரத்தம் காய்ந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் ஒரு பல் தடம்கூட இல்லை. விரல் நுனியில் மட்டும்தான்.

"கடிக்கல சார்" என்றார். "வெரலப் பிரிச்சிருக்கு. நான் கத்துக்குடுத்ததுதான். கிளவுஸ் கண்டா உள்ள சோறு கீதுன்னு சொல்லிக் குடுத்தது நானு. இத்தினி கை சுத்திக்கினு கீதே, அதுக்கு எப்படித் தெரியும், எதுல சோறு, எதுல மனுசன்னு?"

மாசக் கடைசி வரை நேரம் கேட்டார். கிளவுஸ் போட்ட கையை இழுக்காமல் நின்றால் இருக்கட்டும், இழுத்தால் தானே வண்டியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். மேனேஜர் யோசித்துவிட்டு, "என் எதிர்ல காட்டணும்" என்றார்.

அன்றிலிருந்து மெஸ் வேலை முடிந்ததும் அக்கா மரத்தடியில் வந்து உட்கார்ந்தார். இரண்டு கையிலும் வெள்ளை கிளவுஸ். உள்ளே ஒன்றுமில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். கிளீனர் ஓடி வந்து விரலைப் பிடிக்கும். அவர் இழுக்க மாட்டார், திட்ட மாட்டார். கையை மூடிக்கொண்டு கல் மாதிரி இருப்பார். அது மூக்கால் முட்டும், முனகும், காலால் பிறாண்டும். சலித்துப்போய் முகத்தைத் திருப்பும். திருப்பின அந்த நிமிஷம், அதற்குப் பின்னால் பைப் உருளையைத் தள்ளிவிடச் சொல்லி என்னிடம் கண்ணைக் காட்டுவார். சோறு இனிமேல் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

டிரம்மில் இருந்த கிளவுஸ் அத்தனையையும் மரத்தைச் சுற்றி இறைத்துவிட்டார். வற்றின ஏரியில் கொக்குகள் உட்கார்ந்திருப்பது போல அவை வெயிலில் கிடந்தன. கிளீனர் ஒவ்வொன்றிடமும் போகும். ஒரு விரலை இழுத்துப் பார்க்கும். ஒன்றுமில்லை. அடுத்ததற்குப் போகும். என்னால் அதைப் பார்க்க முடியாது. எழுந்து போய் கேட்டுக்கு வெளியே நிற்பேன். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"தேடுறதுக்குக் கத்துக்குடுக்குறது சுளுவா கீது வாட்ச்மேனண்ணா" என்றார் ஒருநாள்.

கடைசியில் முனீஸின் கை வேண்டியிருந்தது. அக்காவின் கையை நாய் இழுக்காமல் நின்று என்ன பயன்? அவர் கொட்டகைக்குப் போகாமல், சாப்பாட்டுக்குக் காத்திருக்காமல், லோடு ஏற்றுகிற இடத்துக்கே போய் அவன் முன்னால் நின்றார். எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"ஒன் கை வேணும்டா முனீஸு. பயமா இருந்தா வேணாம்னு சொல்லிடு. நான் வேற யாரயும் கேக்க மாட்டேன்."

"யக்கா, ஊசி போட்ட எடம் இன்னும் வீங்கிக் கெடக்கு. எங்கம்மாட்ட சொல்லவே இல்ல. சொன்னா ஊருக்கு வந்துருனு கூப்புடும்."

"சரிப்பா. வேணாம்."

அவர் திரும்பிப் பாதி தூரம் வந்துவிட்டார். அவன் பின்னாலேயே வந்தான். "வாரேன். மறுபடி கடிச்சிருச்சுன்னா ஒரு மாசத்துக்கு எனக்கு மீனு மேலயே இருக்கணும். தேடச் சொல்லப்படாது."

"மேலயே வெக்கிறேன்டா."

மாசக் கடைசி நாள் மதியம் மேனேஜர் வந்து நின்றார். முனீஸ் புது கிளவுஸ் மாட்டிக்கொண்டு கையை நீட்டினான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அக்கா சங்கிலியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார். கிளீனர் வந்தது. வாலை ஆட்டவில்லை. ஒவ்வொரு விரலாக, ஐந்தையும் மோந்து பார்த்தது. சுண்டுவிரலில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு தும்மல் போட்டுவிட்டு, திரும்பி மரத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

"சரிக்கா, இருக்கட்டும்" என்றார் மேனேஜர். "இனிமே கிளவுஸ்ல மட்டும் ஒண்ணும் வெக்காதீங்க."

முனீஸ் மூச்சு விட்டான். சிரித்தான். இரண்டு கிளவுஸையும் கழற்றிக் கீழே போட்டுவிட்டு முகம் கழுவப் போனான். அக்கா சிரிக்கவில்லை. சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "நல்லா கத்துக்கிச்சி" என்றார். "நீட்டுற கையில ஒண்ணும் இருக்காதுன்னு." பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

நான் கேட் ரூமில் உட்கார்ந்திருந்தேன். கிளீனர் எழுந்து வந்தது. முனீஸ் போட்டுவிட்டுப் போன கிளவுஸின் பக்கத்தில் நின்றது. இழுக்கவில்லை, பிரிக்கவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அதன் மேல் தாடையை வைத்துப் படுத்தது. கண் மெதுவாக மூடியது. அதற்குள் ஒன்றும் இல்லை என்று அதற்கு நன்றாகத் தெரியும். முனீஸின் வியர்வை மட்டும் இருந்திருக்கும்.

நானாக யாரையும் போய்க் கூப்பிட்டதில்லை. அன்று கொட்டகைக்குப் போனேன். அக்காவின் முகத்தைப் பார்த்து, "கொஞ்சம் வாங்க" என்றேன். அவர் ஈரக் கையோடு வந்தார். மரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். முனீஸும் வந்து நின்றான்.

"யக்கா, என் கிளவுஸு. வண்டி வரப்போகுது" என்றான் ரகசியமாக.

"வேற வாங்கிக்கடா."

அதற்குள் வண்டி வந்தேவிட்டது. நீளமான டிரெய்லர். பின்பக்கமாக உள்ளே வர வேண்டும். விசில் ஊதி வண்டியைப் பின்னால் வாங்குவது என் வேலை. விசிலை வாயில் வைத்தேன். பிறகு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கினேன். வா, வா, இடப்பக்கம், மெதுவாக, இன்னும் மெதுவாக. அவ்வளவு பெரிய வண்டி அடி அடியாக வந்து, மரத்தைத் தாண்டி நின்றது.

நாய் எழுந்திருக்கவில்லை.